ஆகஸ்ட் 20க்கு முன், பின்: கோவையிலிருந்து கனடா போன ஒரு குடும்பத்தின் பணக் கணக்கு

வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களின் சேமிப்பையும் வங்கிக் கணக்குகளையும் ஒழுங்குபடுத்தித் தருவது என் வேலையின் பெரும் பகுதி. இங்கே எழுதுவது ஒரே குடும்பத்தின் கதை போலத் தெரியும். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால், ஒரே மாதிரிச் சிக்கல் வந்த சில குடும்பங்களைச் சேர்த்து ஒரு குடும்பமாக ஆக்கியிருக்கிறேன். தொகைகளையும் முழு எண்களாக்கிவிட்டேன். சட்ட விதிகள், வரி விகிதங்கள் மட்டும் உள்ளது உள்ளபடி.

கணவருக்கு 41 வயது, பொறியாளர். மனைவிக்கு 38, தனியார் பள்ளியில் ஆசிரியை. ஒரு மகன், ஒன்பது வயது. கனடாவில் நிரந்தரமாக வசிக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஒன்டாரியோ மாநிலத்தில் கணவருக்கு வேலையும் உறுதியாகியிருந்தது. 2023 ஆகஸ்ட் 20 அன்று விமானம். என்னிடம் வந்தது ஜூன் கடைசியில்.

அவர்களிடம் இருந்தவை: இருவருக்கும் சேமிப்புக் கணக்குகள். கணவர் பெயரில் 12 லட்சத்துக்கு எஃப்டி. 8 லட்சம் போட்டு 14 லட்சமாக வளர்ந்த மியூச்சுவல் ஃபண்ட். 2014இல் தொடங்கிய பிபிஎஃப், அதாவது அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு. 11 வருட வேலையில் சேர்ந்த பிஎஃப், சுமார் 19 லட்சம். 32 லட்சத்துக்கு வாங்கிய ஒரு ஃபிளாட், அப்போதைய விலை 52 லட்சம் இருக்கும். மனைவிக்கு ஒரு பிபிஎஃப், ஆறு வருட பிஎஃப். இவை தவிர, கணவர் தன் அப்பாவின் வங்கிக் கணக்கில் இரண்டாவது பெயராக இருந்தார்.

கணவர் முதலில் கேட்ட கேள்வி: “சார், எல்லாம் எங்க பணம்தானே, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. திரும்பி வந்தா பாத்துக்கலாம்.” அவர்கள் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளையில் ஒருவர் இதற்கு ஒத்து ஊதியிருந்தார், மாற்றினால் வீண் அலைச்சல் என்று. இந்த ஒரு யோசனைதான் குடும்பங்களுக்கு அதிகம் செலவு வைக்கிறது. தப்பான ஃபண்டை வாங்கி நஷ்டப்பட்டவர்களை விட, கிளம்பும் தேதிக்கு முன் செய்ய வேண்டியதைப் பின்னாலும், பின் செய்ய வேண்டியதைச் செய்யாமலும் விட்டு இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரே விமானம், இரண்டு வரி நிலைகள்

ஃபெமா என்று எல்லோரும் சொல்லும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999, வேலைக்காகவோ காலவரையின்றித் தங்குவதற்காகவோ நாட்டை விட்டுப் போகிறவரை, போன நாளிலிருந்தே இந்தியாவில் வசிக்காதவராகப் பார்க்கிறது. நாள் கணக்கெல்லாம் இல்லை. அதனால் ஆகஸ்ட் 20க்குப் பிறகு இருவருக்குமே சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்க உரிமை இல்லை. அதை, வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். மாற்றாமல் பயன்படுத்தினால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. நடைமுறையில் எல்லோரையும் தேடி வந்து விதிப்பதில்லை. ஆனால் நாளைக்கு ஃபிளாட்டை விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோகும்போது பழைய கணக்கு வரலாற்றை வங்கி புரட்டும். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

வருமான வரிச் சட்டம் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. அங்கே நாள்தான் முக்கியம். 2023 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை 142 நாட்கள். முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இருந்தவர், அந்த நிதியாண்டில் 60 நாள் இருந்தாலே வரிக்கு இந்திய வாசி. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும் அந்த 60 என்பது 182 ஆகிறது. கணவர் வேலைக்காகப் போனார். 142 என்பது 182க்குக் குறைவு. ஆகவே 2023-24இல் அவர் என்ஆர்ஐ.

மனைவி? கிளம்பும்போது அவருக்கு அங்கே வேலை எதுவும் உறுதியாகவில்லை, கணவருடன் போகிறார். அவருக்கு அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். 142 நாள், 60ஐத் தாண்டிவிட்டது. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போன இருவரில் ஒருவர் என்ஆர்ஐ, மற்றவர் அந்த ஆண்டு முழுக்க இந்திய வரிவாசி. இதைச் சொன்னபோது அந்த அம்மா நம்பவே இல்லை.

இதன் விளைவு சின்னது இல்லை. இந்திய வரிவாசிக்கு உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் வரும். 2024 ஜனவரியில் அவருக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்தது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான கனடாச் சம்பளம் அந்த நிதியாண்டுக்குள் வந்துவிட்டது. இந்தியா, கனடா வரி ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவுப்படி, நிரந்தர வீடு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வாசியாகக் கொள்ளலாம். கோவை ஃபிளாட் வாடகைக்குப் போய்விட்டது, குடியிருக்கும் வீடு கனடாவில்தான். ஆடிட்டர் இந்த வாதத்தை எழுத்தில் வைத்துத்தான் கணக்குத் தாக்கல் செய்தார். 2023 செப்டம்பரில் இருவரும் சேர்ந்து தொடங்கிய கனடா வங்கிக் கணக்கையும், வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் மனைவியின் பக்கம் காட்டினோம். அந்த அட்டவணை காலண்டர் ஆண்டைப் பார்ப்பது. 2023 டிசம்பர் 31 வரை வைத்திருந்த கணக்குகள் அதில் வரும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதத்துக்கு வழி இருந்தது. சிறு தொகைகளுக்கு அந்த அபராதத்திலிருந்து பிறகு விலக்கு வந்தது. ஆனாலும் காட்டுவதில் ஒன்றும் குறையவில்லை.

என்ஆர்இ, என்ஆர்ஓ: எதில் எந்தப் பணம்

இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவது என்ஆர்இ கணக்கில். இந்தியாவில் வரும் வாடகை, வட்டி, பழைய சேமிப்பு எல்லாம் என்ஆர்ஓ கணக்கில். என்ஆர்இ பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம். என்ஆர்ஓ பணத்தை, வரி கட்டியதற்கு 15சிஏ, 15சிபி படிவங்கள் வைத்து, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

அவர்களின் பழைய எஃப்டி முதிர்வு வரை அதே வட்டியில் ஓடியது. ஆனால் என்ஆர்ஓவாக மாறியதும் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க ஆரம்பித்தார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15ஜி படிவம் இனி கொடுக்க முடியாது. வரி ஒப்பந்தத்தின்படி வட்டிக்கு உச்ச வரி 15 சதவீதம்தான். அதைக் கேட்டு வாங்க, கனடா வருமான வரித் துறை தரும் வசிப்புச் சான்றிதழும், இந்திய வரி இணையதளத்தில் நிரப்பும் 10எஃப் படிவமும் வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். மார்ச் மாதத்தில் நினைவு வந்தால் பெரும்பாலான வட்டிக்கு ஏற்கனவே 31.2 பிடித்திருப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கலாம், மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். “என்ஆர்இ வட்டிக்கு வரியே கிடையாது” என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தியாவில் கிடையாது. கனடாவில் உண்டு. குடியேறிய நாளிலிருந்து கனடா உலக வருமானம் முழுவதற்கும் வரி கேட்கிறது. பிபிஎஃப் வட்டிக்கும் அதே கதி. இங்கே விலக்கு என்றால் அங்கேயும் விலக்கு என்று எந்த விதியும் இல்லை. வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் ஆட்கள் என்ஆர்இயில் போட்டு வைத்து நிம்மதியாக இருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை. அந்த ஊர் அனுபவத்தைக் கனடா போகிற தம்பிக்கு அண்ணன் சொல்லித் தருவது தப்பாகப் போய்விடுகிறது. தெரியவா போகிறது என்று நினைப்பதும் வீண். வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தானாகப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியாவும் இருக்கிறது, கனடாவும் இருக்கிறது.

பிஎஃப்: இந்த வழக்கில் உண்மையாகவே இழந்தது

பிஎஃப் திட்டத்தின் 69ஆம் பத்தி, வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறவோ வேலைக்கோ போகிறவர் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை இருந்தால் இந்தியாவில் வரி இல்லை. ஜூலை 31 அன்று வேலையை விட்டு, ஆகஸ்ட் 20க்குள் பணம் கைக்கு வந்திருந்தால், கனடா அந்தப் பணத்தைக் கண்ணால் கூடப் பார்த்திருக்காது. அவர் கனடா வாசி ஆவதற்கு முன் வந்த பணம், அவ்வளவுதான். திட்டம் இதுதான்.

நடக்கவில்லை. கணவர் 11 வருடத்தில் மூன்று நிறுவனங்களில் வேலை பார்த்திருந்தார். முதல் நிறுவனத்தின் கணக்கில் வேலையை விட்ட தேதி பதிவே ஆகவில்லை. அப்பா பெயர் அங்கே ஒரு எழுத்துக்கூட்டலில், ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டலில். நம் ஊரில் இனிஷியல் வைத்துக்கொள்வதால் பெயர் விரியும்போது இந்தக் குளறுபடி வந்துகொண்டே இருக்கும். பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு திருத்தக் கடிதம் தர நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. 19 லட்சம் வந்தது 2024 பிப்ரவரியில், என்ஆர்ஓ கணக்கில்.

இதற்குள் இரண்டு சிக்கல்கள் முளைத்துவிட்டன. வேலையை விட்ட பிறகு பிஎஃபில் சேரும் வட்டிக்கு வரி உண்டு. ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரையிலான வட்டி ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாய், அது இந்திய வருமானத்தில் சேர்ந்தது. இது சின்னது. பெரியது கனடாப் பக்கம். அங்குள்ள ஆடிட்டர், இதை வெளிநாட்டு ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வந்த மொத்தத் தொகை என்று எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் முழுக்க அந்த ஆண்டு வருமானம். 19 லட்சம் என்பது அப்போது சுமார் 31,000 கனடா டாலர். சம்பளத்துக்கு மேல் இது சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வரியில் போகும்.

அவர் ஒரு வழியும் சொன்னார். கனடாவில் வசிக்காத காலத்தில் செய்த வேலைக்காக வெளிநாட்டு ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வரும் மொத்தத் தொகையை, ஆர்ஆர்எஸ்பி என்னும் அவர்களின் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் போட்டால் அதே அளவுக்குக் கழிவு கிடைக்கும். வழக்கமான வருடாந்திர உச்சவரம்பு இதற்குத் தடையில்லை. ஆனால் அந்த ஆண்டுக்குள்ளோ, முடிந்து 60 நாட்களுக்குள்ளோ போட வேண்டும். 15சிபி வாங்கி, என்ஆர்ஓவிலிருந்து அனுப்பி, நவம்பரில் போட்டார்கள். ஆக வரி இப்போதைக்கு இல்லை, ஓய்வுகாலத்தில் எடுக்கும்போது உண்டு. வீடு வாங்க முன்பணமாக வைத்திருந்த தொகை அது. 25 வருடத்துக்குப் பூட்டிய மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குடும்பம் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் சிக்கலின் வேர் எழுத்துக்கூட்டலில்தான் இருந்தது.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது பிஎஃப் பாஸ்புக்கைத்தான். விசா விண்ணப்பம் போட்ட வாரமே, எல்லாப் பழைய கணக்குகளும் யுஏஎன் என்னும் ஒரே பொது பிஎஃப் எண்ணில் சேர்ந்திருக்கின்றனவா, விலகிய தேதிகள் இருக்கின்றனவா, பெயர் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும். விசா வர ஆறு மாதம் ஆகும், பிஎஃபைச் சரிசெய்யவும் அதே ஆறு மாதம் ஆகும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். இன்னொன்று, ஆதாரில் இருக்கும் இந்திய செல்பேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். எந்தக் கோரிக்கைக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். ரோமிங் வசதியோடு குறைந்த கட்டணத் திட்டம் ஒன்று போதும்.

பிபிஎஃப்: விடவா, மூடவா

என்ஆர்ஐ புதிதாக பிபிஎஃப் தொடங்க முடியாது. ஏற்கனவே இருப்பதை முதிர்வு வரை நடத்தலாம், நீட்டிக்க முடியாது. கணவரின் கணக்கு 2014-15இல் தொடங்கியது, 2030 ஏப்ரல் 1 அன்று முதிரும். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம். கனடாவில் அந்த வட்டிக்கு வரி கட்டிய பின் மிஞ்சுவது ஐந்துக்குப் பக்கம். அதை வைத்துப் பார்த்தால் வருடம் 1.5 லட்சம் போடுவதில் இனி அர்த்தம் இல்லை. கணக்கு செயலிழக்காமல் இருக்க வருடம் 500 ரூபாய் போதும் என்றேன். ஒப்புக்கொண்டார்.

மனைவியின் கணக்கு 2018-19இல் தொடங்கியது. 2019 விதிகளின்படி, வசிப்பு நிலை மாறினால், ஐந்து நிதியாண்டு முடிந்த பிறகு முன்கூட்டியே மூடலாம். ஆனால் தொடக்கத்திலிருந்தே ஒரு சதவீத வட்டியைக் குறைத்துக்கொள்வார்கள். 2024 மார்ச் 31க்குப் பிறகு மூட முடியும் என்ற நிலை. அதில் இருந்தது 3 லட்சத்துக்குள். மூடிவிட்டார்கள். முதிர்வு 2034இல், அதுவரை ஒவ்வொரு ஆண்டும் கனடாக் கணக்கில் அந்த வட்டியைக் கணக்கிட்டு எழுதும் வேலை மிச்சமானது. சின்னத் தொகைக்கு இந்த முடிவு சரி. 15 லட்சம் இருந்திருந்தால் ஒரு சதவீத இழப்பை எண்ணிப் பார்த்து வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

ஃபண்டும் ஃபிளாட்டும்: குடியேறிய நாளின் விலை

கனடா வரிச் சட்டத்தில் புதிதாக வருகிறவருக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. குடியேறிய நாளில் உங்கள் சொத்துகளை அன்றைய சந்தை விலைக்குப் புதிதாக வாங்கியதாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய லாபம் அவர்களுக்குச் சம்பந்தமில்லை. கணவரின் ஃபண்ட் 2023 ஆகஸ்ட் 21 அன்று 14 லட்சம். 2025 மார்ச்சில் 17 லட்சத்துக்கு விற்றார். இந்தியாவுக்கு லாபம் 9 லட்சம். அதில் 1.25 லட்சம் விலக்கு போக மீதிக்கு 12.5 சதவீதம், ஏறத்தாழ 97 ஆயிரமும் செஸ்ஸும். கனடாவுக்கு லாபம் 3 லட்சம்தான், அதிலும் பாதிதான் வருமானத்தில் சேரும். இந்தியாவில் கட்டிய வரிக்கு அங்கே கழிவு கிடைத்ததால் கனடாவில் கட்ட ஒன்றும் இல்லை.

இதற்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நாளின் அறிக்கை. ஃபண்டுக்கு அன்றைய என்ஏவியை, அதாவது ஒரு யூனிட்டின் விலையை எடுத்துவிடலாம். ஃபிளாட்டுக்கு மதிப்பீட்டாளரிடம் கிளம்புவதற்கு முன்பே எழுதி வாங்கி வைத்தோம், சில ஆயிரம் ரூபாய் செலவு. பத்து வருடம் கழித்து 2023இல் இது என்ன விலை போயிருக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் இதே விதி இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறது. வெளிநாட்டில் உள்ள முதலீட்டுச் சொத்துகளின் அடக்கவிலை 1 லட்சம் கனடா டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவம் கொடுக்க வேண்டும். அப்போதைய மாற்று விகிதத்தில் அது 61 லட்சம் ரூபாய். கணவர் தன் கையால் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்: ஃபிளாட் 32, ஃபண்ட் 8, எஃப்டி 12, மொத்தம் 52 லட்சம், ஆகவே தேவையில்லை என்று. அடக்கவிலை என்பது அவர் வாங்கிய விலை இல்லை, குடியேறிய நாளின் விலை. 52, 14, 12. மொத்தம் 78 லட்சம். வாடகைக்கு விட்ட வீடு என்பதால் ஃபிளாட்டும் இதில் சேரும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் சேராது. குடியேறிய முதல் ஆண்டுக்கு இந்தப் படிவம் வேண்டாம். எனவே 2024க்கான படிவத்தை 2025 ஏப்ரல் 30க்குள் கொடுத்தார்கள். தாமதமானால் நாளுக்கு 25 டாலர், உச்சமாக 2,500 டாலர். ஒரு ரூபாய் வரி பாக்கி இல்லாவிட்டாலும் இந்த அபராதம் உண்டு.

ஃபண்ட் நிறுவனங்களில் சில, கனடாவிலும் அமெரிக்காவிலும் வசிப்பவர்களிடம் புதிய முதலீடு வாங்குவதில்லை. இவர் மாதாமாதம் ஃபண்டில் போட்டுவந்த எஸ்ஐபி ஒன்று கேஒய்சி மாற்றியதும் நின்றுவிட்டது. அது நல்லதுக்கே. அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வரிக் கணக்கு இதைவிடப் பல மடங்கு கடுமை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர் படும் பாடு

யாருமே முன்கூட்டிச் சொல்லாதது இது. வீட்டுக்காரர் என்ஆர்ஐ ஆனால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு அவர் வரி பிடித்துக் கட்டுபவருக்கான டான் எண் வாங்க வேண்டும், பிடித்த வரிக்குக் கணக்குக் காட்டும் 27கியூ படிவத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். இங்கே குடியிருந்தவர் ஒரு கடைக்காரர், மாத வாடகை 18,000. “எனக்கு எதுக்கு சார் இந்த வம்பு, நான் வேற வீடு பாத்துக்கறேன்” என்றார். நியாயம்தான். தவறினால் வரியும் வட்டியும் அவர் தலையில்தான் விழும். கடைசியில் குடும்பத்தின் ஆடிட்டரே அவருக்கு டான் வாங்கி, படிவங்களையும் தாக்கல் செய்கிறார், செலவு வீட்டுக்காரருடையது. ஆண்டு வாடகை 2.16 லட்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போனால் மிச்சம் ஒன்றரை லட்சம். பிடித்ததில் பெரும்பகுதி ரீஃபண்டாகத் திரும்பி வருகிறது.

வாடகை ஒப்பந்தம், உள்ளூர்ச் செலவு, சொத்து வரி இவற்றுக்காக அப்பா பெயரில் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்தது கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு. இங்கே இருக்கும்போது ஒரு நாள் வேலை. அங்கே போன பிறகு என்றால் தூதரக அத்தாட்சி, இந்தியாவுக்குத் தபால், இங்கே முத்திரைத் தீர்வை என்று நீளும். அப்பாவின் சேமிப்புக் கணக்கில் மகன் இரண்டாவது பெயராக இருப்பதில் தவறில்லை. இந்தியவாசியின் கணக்கில் நெருங்கிய உறவான என்ஆர்ஐ, இருவரில் யாரேனும் அல்லது உயிருடன் இருப்பவர் என்ற முறையில் தொடரலாம். மகனின் நிலை மாறியதை அந்த வங்கியிலும் சொல்லிவிட்டால் போதும். மகன் தன் சொந்தப் பணத்தை அதில் புழங்கக் கூடாது. அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் நெருங்கிய உறவிடமிருந்து வருவது என்பதால் அவருக்கு வரி இல்லை.

ஓய்வூதியம்: இரண்டு நாட்டு வருடங்கள்

பிஎஃபோடு சேர்ந்து ஓடும் ஓய்வூதியத் திட்டத்தை, அதாவது இபிஎஸ் 1995ஐ, பெரும்பாலோர் மறந்தே போகிறார்கள். நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்கு மாதம் 1,250 ரூபாய். பத்து வருடம் ஆகிவிட்டால் மொத்தமாக எடுக்க முடியாது, 58 வயதில் மாதப் பென்ஷன்தான். கணவருக்கு 11 வருடம். 2014 செப்டம்பருக்கு முந்தைய காலத்துக்குச் சம்பள வரம்பு 6,500தான் என்பதால் அதைப் பிரித்துக் கணக்கிட்டால் மாதம் சுமார் 2,100 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் அது அவருடையது, சேவை வருடங்களைப் பதிந்து தரும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்தியாவுக்கும் கனடாவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவோடு நமக்கு இப்படி ஒன்று இல்லை. ஒரு நாட்டில் தகுதிக்கு வேண்டிய வருடம் குறைந்தால், மற்ற நாட்டில் கட்டிய வருடங்களைக் கூட்டித் தகுதி பெறலாம். தொகை மட்டும் அந்தந்த நாட்டில் உழைத்த அளவுக்குத்தான். கனடாவின் முதியோர் உதவித்தொகைக்கு 18 வயதுக்குப் பிறகு பத்து வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். முழுத்தொகைக்கு 40 வருடம். கணவர் 41இல் போனார், 65 வரை இருந்தால் 24 வருடம். ஆக 40இல் 24 பங்கு, 60 சதவீதம். அந்த ஊரில் 20 வருடம் வசிக்காதவர் பிற்காலத்தில் கோவைக்குத் திரும்பினால் இந்த உதவித்தொகை இங்கே வராது, ஒப்பந்தத்தின் கூட்டல் உதவாவிட்டால். சிபிபி என்ற சம்பளத்தோடு சேர்ந்த பென்ஷன் வேறு. அவரும் நிறுவனமும் ஆளுக்கு 5.95 சதவீதம் கட்டுகிறார்கள், அது எந்த நாட்டில் இருந்தாலும் வரும்.

மனைவியின் நிலைதான் யோசிக்க வைத்தது. ஆறு வருடம், பத்துக்குக் கீழே. மொத்தமாக எடுத்தால் 90 ஆயிரத்துச் சொச்சம். எடுக்காமல் சான்றிதழ் வாங்கினால், கனடாவில் சிபிபி கட்டும் வருடங்களைக் கூட்டிப் பத்தைத் தாண்டி, 58 வயதிலிருந்து மாதம் 1,300 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். வெறும் எண்ணாகப் பார்த்தால், 90 ஆயிரத்தை வரி போக ஐந்து சதவீதத்தில் 20 வருடம் வளர்த்தால் 2.4 லட்சம். அதன் வருட வட்டி 12 ஆயிரம், அசல் கையில். பென்ஷனோ வருடம் 15 ஆயிரம், அசல் இல்லை, ஆனால் அவர் இறந்தால் கணவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. எடுத்துக்கொள்வது லேசாக மேல் என்றுதான் சொன்னேன். திரும்பி வந்து மறுபடி இங்கே வேலைக்குச் சேர்ந்தால் பழைய ஆறு வருடமும் தொடர்ந்து எண்ணப்படும் என்பதையும் சொன்னேன்.

அவர் சான்றிதழைத் தேர்ந்தெடுத்தார். “பதினாலு வருஷம் பாடம் நடத்தினதுல ஆறு வருஷத்துக்குத்தான் பிஎஃபே பிடிச்சாங்க. அந்த ஆறு வருஷமாவது என் பேர்ல இருக்கட்டும் சார்.” அதில் வாதம் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. 10சி படிவம் போட்டு வாங்கிய சான்றிதழின் அசல் மாமனாரிடம், நகல் இருவரின் மின்னஞ்சலிலும். 58 வயதில் 10டி படிவம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஆதார், செல்பேசி எண், இந்தியாவில் ஒரு வங்கிக் கணக்கு மூன்றும் நடப்பில் இருந்தாக வேண்டும். அவருடைய என்ஆர்ஓ கணக்கை அதற்காகவே மூடாமல் வைத்திருக்கிறார்கள்.